தார் சுடவில்லை என்றார் அப்பா

என் அப்பாவுடைய நோயின் முதல் அறிகுறி ஒலிபெருக்கி வழியாக வெளிவந்தது. சபையில் இருந்த நாற்பது குடும்பங்களும் அதைக் கேட்டு ஆமென் சொன்னார்கள்.

அப்பா ஒரு போதகர். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, எந்தப் பெரிய அமைப்போடும் சேராத ஒரு சிறிய சபையை இருபத்திரண்டு வருடங்களாக நடத்துகிறார். அன்று குருத்தோலை ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து பதினொன்றரை மணிக்கு, ஓலைகளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பஸ் நிறுத்தம் வரை பவனியாகப் போய்த் திரும்பினோம். பங்குனி வெயில். அந்தப் பவனியில் அப்பா செருப்புப் போடமாட்டார். ஆண்டவரே கழுதைமேல் தாழ்மையாக வந்திருக்கும்போது ஊழியக்காரன் தோல் செருப்பில் நடப்பதா என்பது அவருடைய கேள்வி. கழுதைக்குக் குளம்பு இருந்ததே என்று பன்னிரண்டு வயதில் ஒருமுறை கேட்டு, அம்மாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

அன்று மாலைக் கூட்டத்தில் அவர் சாட்சி சொன்னார். கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபைமுன் எழுந்து சொல்வதற்கு எங்களிடையே அதுதான் பெயர்.

"காலைல தார் எப்படிக் கொதிச்சதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். செருப்பில்லாம வந்த வாலிபப் பிள்ளைக குதிச்சுக் குதிச்சு ஓரத்து மண்ணுல ஏறுச்சுக. நான் நடுரோட்டுலதான் நடந்தேன். எனக்குச் சுடவே இல்ல. நான் ஒன்னுமில்லாதவன், வெறும் தூசி. இந்தத் தூசியோட காலு சுடாம கர்த்தர் காத்தாரு."

நான் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். "நான் ஒன்றுமில்லாதவன்" என்ற வாக்கியத்தை அப்பா மைக் இல்லாத இடத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஒன்றுமில்லாதவர் என்பது கோயில் வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸில், கூப்பிய கைகளோடு கூடிய அவருடைய படத்தின் கீழே, "தாழ்மையின் ஊழியர்" என்று அச்சிடப்பட்டிருந்தது. நான் உதட்டைச் சுழித்துவிட்டு அடுத்த பாட்டின் சுருதியை எடுத்தேன்.

இப்போது என் தொழிலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றம் அங்கேதான் இருக்கிறது. நான் கருவியியல் படித்தவள். போடியில் ஒரு சிறு நிறுவனத்தில், ஏலக்காய் உலர்த்தும் அறைகளுக்கு வெப்பநிலை சென்சார் பொருத்துவதும் சரிபார்ப்பதும் என் வேலை. அறை கொதிக்கும்போது ஒரு சென்சார் மட்டும் "சூடு இல்லை" என்று காட்டினால் நாங்கள் யாரும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை. கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம். முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லித் தருகிற விஷயம் இது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் கொதிக்கும் தாரில் நடந்துவிட்டு, சுடவில்லை என்று என் காதுபடச் சொன்னார். எனக்குத் தோன்றியது ஏளனம் மட்டும்தான். ஏளனம் ஒரு வேலையே இல்லை. ஆனால் ஏதோ வேலை செய்து முடித்துவிட்ட களைப்பை அது தந்துவிடுகிறது.

வீட்டில் சர்க்கரை நோயாளியும் ஊழியக்காரரும் ஒரே ஆளாக இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. ஊழியக்காரர் இடத்தில் கட்சிக்காரர், ஆசிரியர், ஊர்ப் பெரியவர் என்று யாரை வைத்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பெரிய வியாழக்கிழமை அன்று எங்கள் சபையில் கால் கழுவும் ஆராதனை நடக்கும். போதகர் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவித் துடைப்பார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்பு போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் தேங்காய் எண்ணெயும் பூசிக்கொண்டு வந்திருப்பார்கள். அழுக்கே இல்லாத கால்களை அப்பா அழுதுகொண்டே கழுவுவார். எல்லோரும் அழுவார்கள். அதன் பிறகு புளியோதரை.

அப்பா மண்டியிட்டபோது அவருடைய உள்ளங்கால்கள் கீபோர்டின் பக்கம், அதாவது என் பக்கம், திரும்பின. அந்தக் கால்களை நான் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் பெரியவர்களின் காலைத் தொடுவது வழக்கம். புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் குனிந்தால் அப்பா நெருப்பை மிதித்தவரைப்போல் பின்னால் குதிப்பார். "ஆண்டவருக்குரிய மகிமை அது, என் காலத் தொடாதீக" என்பார். இருபத்திரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. யாரும் தொடாத காலை யாரும் பார்ப்பதுமில்லை.

வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, சோடா மூடி அளவில் தோல் உரிந்திருந்தது. நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் சிவப்பு. அதன்மேல் ஒட்டியிருந்த பேண்ட்‑எய்ட் பாதி பிரிந்து தொங்கியது.

ஆராதனை முடிந்ததும் வீட்டில் பையிலிருந்து என் வெப்பமானியை எடுத்தேன். தொடாமலே சூட்டை அளக்கிற, துப்பாக்கி மாதிரி இருக்கும் கருவி. இடது காலில் முப்பத்தொன்று காட்டியது. வலது காலில் முப்பத்தைந்தரை. ஒரே உடம்பின் இரண்டு கால்களுக்கு நடுவே நாலரை டிகிரி வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ எரிகிறது.

"நாளைக்குக் காலைல தேனிக்குப் போறோம்" என்றேன்.

"நாளைக்குப் பெரிய வெள்ளி, பாப்பா. மூணு மணி நேர ஆராதனை. ஞாயித்துக்கிழமை விடியக்கால ஆராதனை. திங்கக்கெழமை போவோம். மூணு நாளுதானே."

"அப்பா, உள்ள சீழ் இருக்கும்."

"வலியே இல்லையே."

"அதான் பிரச்சினையே."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். "செவ்வாக்கெழமையே நான் கேட்டேன், என்ன வாடை அடிக்குதுன்னு. எலி செத்துக் கெடக்கும்னு சொன்னாக உங்க அப்பா. பீரோவ நகத்தி எலியத் தேடுனேன் நான்."

சபை மூப்பர் செல்லத்துரை மாமாவைக் கூப்பிட்டு அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். திராட்சைத் தோட்டக்காரர். கொடியில் ஒரு இலை சுருண்டால் மறுநாளே கம்பத்துக்குப் போய் மருந்து வாங்கி வருகிறவர். அவர் வந்து காலைப் பார்த்து, கண்ணை மூடி, உருக்கமாக ஜெபித்துவிட்டுப் போனார். இலைக்கு மருந்து, போதகருக்கு ஜெபம். மூன்று நாள் வாதாடித் தோற்றேன். அந்த மூன்று நாள்களின் விலை என்ன என்று பிற்பாடு மருத்துவரிடம் கேட்டேன். "கேக்காதீங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு தேனியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அறுவை மருத்துவர் மதுரைக்காரப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். முதலில் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்தார். தொடுவது தெரிந்தால் "ம்" சொல்ல வேண்டும்.

"ம்" என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து மறுபடியும் "ம்."

"அய்யா, நான் இன்னும் தொடவே இல்ல" என்றார் மருத்துவர்.

அப்பா கண்ணைத் திறக்காமல், "உங்களக் காக்க வைக்கக் கூடாதேன்னு சொன்னேம்மா" என்றார்.

நான் அவரோடு இருபத்தொன்பது வருடம் வாழ்ந்ததன் சுருக்கம் அந்த ஒரு பதிலில் இருந்தது. எதிராளிக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதற்காக உடம்பே பொய் சொல்லும். அதைச் சொல்கிறவருக்கு அது பொய்யாகவே தெரியாது. பணிவாகத் தெரியும்.

மருத்துவர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். நியூரோபதி (சர்க்கரையால் நரம்புகள் உணர்வை இழப்பது) வந்து குறைந்தது நாலைந்து வருடமாவது ஆகியிருக்கும். தார் சுட்டிருக்கிறது, நன்றாகவே சுட்டிருக்கிறது. சேதி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் புண்ணோடு அவர் ஒரு வாரம் நின்றிருக்கிறார். ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) பெருவிரலிலிருந்து இரண்டாம் விரலுக்கும் போயிருந்தது.

"ரெண்டு விரல எடுக்கணும். அதோட நின்னுட்டா நல்லது. நிக்கலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும்."

அப்பா தலையை ஆட்டினார். "கர்த்தருடைய சித்தம்" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்க அய்யா. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஆபரேஷன். ராத்திரிக்கு அப்புறம் ஒன்னும் சாப்பிடக் கூடாது" என்று மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

விரல்கள் எடுத்த மூன்றாம் நாள் வேறு சபைகளிலிருந்து மூன்று போதகர்கள் பார்க்க வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டூல். "நீங்க உக்காருங்க பாஸ்டர்." "சேச்சே, நீங்க மூத்தவரு." "ஆண்டவர் சமூகத்துல ஏது மூப்பு, நீங்க உக்காருங்க." ஸ்டூல் கடைசிவரை காலியாகவே இருந்தது. மூன்று பேரும் நின்றபடி நடைவழியை அடைத்துக்கொண்டதில் மருந்து வண்டி உள்ளே வர முடியவில்லை. நர்ஸ் வந்து, "யாராச்சும் ஒருத்தர் உக்காருங்க, இல்ல மூணு பேரும் வெளிய போங்க" என்றார். மூவரும் வெளியே போனார்கள். யார் கடைசியாகப் போவது என்பதற்கு வாசலில் இன்னும் ஒரு நிமிடம் ஆனது.

பதினெட்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் உண்மையான சிகிச்சை ஆரம்பித்தது என்பதை இதே நிலையில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவை முடிந்ததும் உறவினர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் போய்விடுவார்கள். எங்கள் சபை ஒரு படி மேலே போய், பழைய ஃப்ளெக்ஸை எடுத்துவிட்டு "அற்புத சுகம் பெற்ற" என்று ஆரம்பிக்கும் புதியதைக் கட்டியது. அதிலிருந்த படத்தில் அப்பாவின் முகம் மட்டும்தான் இருந்தது.

தினமும் காலையில் புண்ணுக்குக் கட்டு மாற்ற உத்தமபாளையத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்கு ஆட்டோவில் போவோம். கட்டுப் போடுகிறவர் பஷீர் அண்ணன். அந்த ஊர்க்காரர், ஆண் நர்ஸ். அழுகிய தசையை வெட்டி நீக்கும் டிப்ரைட்மென்ட் என்ற வேலையை, மல்லிகைப்பூ தொடுப்பது மாதிரி பேசிக்கொண்டே செய்வார்.

"வலிச்சாச் சொல்லுங்கன்னு மத்தவுகள்ட்டச் சொல்லுவேன். ஒங்கள்ட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்ல பாஸ்டரய்யா."

ஒவ்வொரு நாளும் கட்டு முடிந்ததும் அப்பா மேலே பார்த்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்பார். சபையார் திராட்சை கொண்டுவந்து கொடுத்தாலும், யாராவது மருந்து வாங்கி வந்தாலும் அதேதான். நன்றி முழுவதும் மேலே போய்விடும். கையில் கூடையோடு நிற்கிறவர் சும்மா நிற்பார். தான் யாருக்கும் கடமைப்படவில்லை என்பதைச் சொல்வதற்கு இதைவிடப் பக்தியான வழி கிடையாது என்று நான் நெடுநாளாக நினைத்திருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் விடுமுறை முடிந்ததால் நான் போடிக்குப் போய், வார இறுதிகளில் மட்டும் வந்தேன். வீடு திரும்பிய மூன்றாம் ஞாயிறு, எனக்குத் தெரியாமல் அப்பா கோயிலுக்குப் போய், ஒன்றரை மணி நேரம் நின்றே பிரசங்கம் செய்திருக்கிறார். அந்த வாரம் நான் வர முடியவில்லை. நாற்காலி வேண்டாம் என்றாராம். மறுநாள் பஷீர் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"ஒங்கப்பா மேடையில நின்னாகளாம்ல. தையல் விட்டுப் புண்ணு தெறந்திருச்சு. நான் இருவது நாளா ரோசாப்பூ மாதிரி வளத்து வச்சிருந்தேன் அந்தச் சதைய. மிதிச்சுக் கூழாக்கிட்டு வந்து ஸ்தோத்திரம்ங்கிறாக."

தேனியில் மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு நேரடியாகச் சொன்னார்: "ஆறு வாரம் இந்தக் கால் தரையில படக் கூடாது. ஒரு அடி கூட. படாம இருந்தா ஆறும். இன்னொரு தடவை திறந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்துருவேன். அப்ப என்கிட்ட வந்து பேசிப் பிரயோஜனம் இல்ல."

ஆட்டோவில் திரும்பும்போது அப்பா வெளியே பார்த்தபடி வந்தார். வீரபாண்டி தாண்டியதும் சொன்னார்.

"சபை தரையில ஜமக்காளத்துல உக்காந்திருக்கு. நான் நாற்காலியில உக்காந்து பிரசங்கம் பண்ணா ராசா மாதிரி இருக்கும் பாப்பா."

"நின்னா அவுக தலைக்கு மேல மூணு அடி ஒசரத்துல இருக்கீக. உக்காந்தா ஒன்றரை அடி. எது ராசா?"



கோயிலுக்கு ஏழு படிகள். சக்கர நாற்காலி ஏறாது. சனிக்கிழமை செல்லத்துரை மாமா வந்து, தானும் இன்னும் மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னார். அப்பா பதறிவிட்டார்.

"என்னையா? நீங்களா? வேணவே வேணாம். நான் மண்டி போட்டே ஏறிடுறேன். முழங்காலுதானே தரையில படும், பாதம் படாதுல்ல."

கணக்குப்படி அது சரிதான். பாதம் படாது. அவர் என்னைப் பார்த்து, தொழில்நுட்ப ஒப்புதல் கேட்பவரைப்போல், "படாதுல்ல பாப்பா?" என்றார்.

எனக்கு அந்தக் காட்சி முழுவதும் தெரிந்தது. அறுபத்தொரு வயதுப் போதகர், கட்டுப்போட்ட காலோடு, ஏழு படிகளை முழங்காலில் ஏறுகிறார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடிக்கிறார்.

"மண்டி போட்டு ஏறுனா பாக்குறவுக அழுவாக" என்றேன். "நாற்காலியில தூக்கிட்டுப் போனா சிரிப்பாக. அதானே ஒங்களுக்கு முடியல?"

அம்மா, "ஏய்" என்றார். செல்லத்துரை மாமா தரையைப் பார்த்தார். நான் நிதானமாகத்தான் சொன்னேன். வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததால் அது நிதானமாக வந்தது.

அப்பா தன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆமா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வசனம் எதுவும் கூட வரவில்லை. மைக் இல்லாத இடத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன உண்மையாக நான் கேட்ட முதல் சொல் அது.

மறுநாள் நான்கு பேர் தூக்கினார்கள். நான் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. மூன்றாம் படியில் நாற்காலி சாய்ந்து அப்பா, "ஏய் ஏய்" என்று செல்லத்துரை மாமாவின் தலைமுடியைப் பிடித்துவிட்டார்.

"முடிய விடுங்க பாஸ்டரய்யா, இருக்கதே நாலுதான்."

"கொஞ்சம் எறக்கி வச்சுட்டுத் தூக்குங்கப்பா, உபவாச ஜெபத்துல இருக்கவுக இம்புட்டுக் கனமா இருப்பாகன்னு யாரு கண்டா."

"இருவது வருசமா எங்களத் தூக்கி விடுறேன்னீக. இப்ப நாங்க தூக்குறோம், பேசாம வாங்க."

படியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வேடிக்கை என்னவென்றால் தூக்கியவர்களின் முகத்தில் இருந்தது களைப்பல்ல, ஒருவிதமான குதூகலம். இத்தனை வருடத்தில் அவருக்கு ஏதாவது செய்ய அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கூடக் கிடைத்ததில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டாம் என்பார். குடை பிடித்தால் நீங்க பிடிச்சுக்கங்க என்பார். ஆறு ஞாயிறு அவரைத் தூக்கினார்கள். நான்காம் ஞாயிறு, யார் தூக்குவது என்று அவர்களுக்குள் முறை வைத்துக்கொண்டதாகவும், முறை தவறிய ஒருவர் கோபித்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன்.

அந்த ஆறு வாரத்தில்தான், நான் விடுப்பு எடுத்துக் கூடப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, பஷீர் அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்பா வழக்கம்போல் மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொல்லி முடித்திருந்தார்.

"அய்யா, மேல ஃபேன்தான் இருக்கு. கட்டுப் போட்டவன் கீழ இருக்கேன்."

அப்பா திகைத்தார். "தம்பி, நான் அவருக்கு..."

"அவருக்குச் சொல்லுங்க, வேணாங்கல. நானும் என் பக்கத்துல சொல்லிக்கிறவன்தான். அதுல எனக்கும் ஒன்னு சேத்துக்கலாம்ல?"

நன்றி என்ற சொல்லை அவர் ஒரு மனிதருக்கு நேராகப் பயன்படுத்திப் பழக்கமில்லை. கடைசியில், "தேங்க்ஸ், தம்பி" என்றார், ஆங்கிலத்தில், பரீட்சையில் விடை தெரியாத பிள்ளையின் குரலில்.

"அது போதும். நாளைக்கு ஒம்பது மணிக்கே வந்துருங்க. வெள்ளிக்கெழம, எனக்குத் தொழுகைக்குப் போகணும்."

புண் ஆறியது. ஆறிய வாரத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, அந்தத் தார்ச்சாலைச் சாட்சியைத் திருத்திச் சொன்னார். சாலை சுட்டது, தனக்குத் தெரியவில்லை, அது கிருபை இல்லை, நோய் என்றார். காலுறையைக் கழற்றிக் காட்டினார். நான் எதிர்பார்த்தபடியே கடைசி ஐந்து நிமிடத்தில் அதையும் ஒரு பிரசங்கமாக்கி, மூன்று தலைப்புகளாகப் பிரித்து, எல்லோரையும் அழவைத்தார். அந்த ஐந்து நிமிடத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் பதினொரு பேர் செருப்போடு உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேருக்கும் சர்க்கரை. யாரும் அவர்களை எதுவும் சொல்லவில்லை. வாசலில் இருந்த "அற்புத சுகம்" ஃப்ளெக்ஸை யார் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். வலிக்கவில்லை என்ற பதிலை விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் கேட்காதீர்கள், காலைப் பாருங்கள். விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். இரண்டு கால்களையும் புறங்கையால் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். இதற்குக் கருவி தேவையில்லை. செருப்பைப் போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், ஒருமுறை அப்பாவின் செருப்புக்குள் ஒரு குண்டூசி இருந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு நடந்துமிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்பவர் எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

குணமாகிவிட்டது என்று சபையில் சொல்கிறார்கள். மருத்துவர் சொல்வதில்லை. இந்த நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ரெமிஷன் (நோய் இப்போதைக்கு அடங்கியிருப்பது). ஒருமுறை புண் வந்த கால் மறுபடியும் புண்ணுக்குக் காத்திருக்கும் கால். இடது காலையும் அதே கணக்கில் வைக்கச் சொன்னார்.

எனக்கும் சில மாற்றங்கள் உண்டு. தினமும் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது தரையின் குளிர்ச்சி என் உள்ளங்காலில் ஏறுவதை, வேண்டுமென்றே ஒரு நொடி நின்று, சரிபார்க்கிறேன். முன்பு ஒரு வருடத்துக்குத் திட்டம் போடுவேன். பட்டியல் எழுதி, கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவேன். அந்தப் பட்டியல்கள் இப்போதும் உண்டு. ஆனால் அவற்றின் அடியில் இன்னொரு காலம் ஓடுகிறது. அதற்கு மாதம், வருடம் கிடையாது. அதன் நீளம் இருபத்து நாலு மணி நேரம்.

மாலை ஆறரைக்கு நான் போடியில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அம்மா வீடியோவில் கூப்பிடுவார். திரையில் முகம் வராது. உள்ளங்கால்கள் இரண்டும் வரும், திரை நிறைய. எட்டு விரல்கள், தையல் போட்ட வெள்ளைக் கோடு, பெருவிரல் இருந்த இடத்துக்குக் கீழே கொஞ்சம் கெட்டித்துப்போன தோல். அம்மா டார்ச் அடிப்பார். நான், இடது பக்கம், இன்னும் கொஞ்சம், குதிகால், என்று சொல்லிக்கொண்டிருப்பேன். காலுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வரும். முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பார், செல்லத்துரை மாமா தோட்டத்தில் இந்த வருடம் காய்ப்பு குறைவு என்பார், நீ சாப்பிட்டாயா என்பார். முகத்தோடு முகம் பார்த்து நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. இன்று அவரிடம், பாதத்தை எனக்கு நேராகத் திருப்பச் சொன்னேன். "இந்தா" என்று நீட்டினார். தயக்கம் இல்லை.

தோல் காய்ந்திருக்கிறது, எண்ணெய் தடவ வேண்டும். சிவப்பு இல்லை. வீக்கம் இல்லை. விரிசல் இல்லை.

"எப்படிப் பாப்பா?" என்றார் காலுக்குப் பின்னாலிருந்து.

"இருக்கு" என்றேன்.

நாளை மாலை ஆறரை வரை என் அப்பாவுக்கு இரண்டு கால்கள் இருக்கின்றன.